“சார்ஜ் ஏறல சார்!” – கையடக்க வானொலிக் கருவியும் யுஎஸ்பி மின்னேற்றமும்

முகாம், திடல்தடப் போட்டி, நெடுநடை என்று மாணவர்களை வெளியே அழைத்துச் செல்லும் ஆசிரியர்களின் பையில் ஒரு வாக்கி-டாக்கி இருக்கும். வானொலியில் ஆர்வமுள்ள சிலரிடம் ஸ்கேனரும் உண்டு. அதாவது, பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடி, பேச்சு கேட்கும் இடத்தில் நிற்கும் ஏற்பி. (எந்த அலைவரிசையில் பேசலாம், எதைக் கேட்கலாம் என்பது மலேசியாவில் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டது. அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரை மின்சாரம் பற்றியது மட்டுமே.) கைத்தொலைபேசிக்கு அலை எட்டாத காட்டோரத்தில், முன்னால் போன குழுவுக்கும் பின்னால் வரும் குழுவுக்கும் இடையே உள்ள ஒரே தொடர்பு இந்தச் சிறு கருவிதான். இரவு முழுக்க யுஎஸ்பி கம்பியில் மாட்டி வைத்த கருவி, காலையில் நடக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் அணைந்துபோனால் பொறுப்பாசிரியரின் நிலை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர் வந்து, “சார்ஜ் ஏறல சார், பேட்டரி போச்சு” என்பார். இந்த வாக்கியத்தின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பெரும்பாலும் ஊகம்.

நம் பேச்சுத்தமிழில் “கரண்ட்” என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. கரண்ட் வரல, கரண்ட் பத்தல, கரண்ட் அடிச்சிடுச்சு. பழுது தேடும்போது மட்டும் இந்த ஒற்றைச் சொல் நம்மைக் கைவிட்டுவிடும். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்று மூன்றாகப் பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது. தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்களேன்: தொட்டியின் உயரம் தரும் உந்துதல் மின்னழுத்தம், குழாயில் ஓடும் நீரின் அளவு மின்னோட்டம், குழாய் ஒடுங்கியிருப்பதால் வரும் தடங்கல் மின்தடை. அறிவியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இம்மூன்று சொற்களும் கட்டுரையில் எழுதத் தெரிந்தாலும், கையில் உள்ள பொருளோடு பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

மின்சாரம் சுவர்ச் செருகியிலிருந்து கிளம்பி, மின்னேற்றி, கம்பி, கருவியின் யுஎஸ்பி வாய், உள்ளே உள்ள மின்னேற்றச் சுற்று வழியாக மின்கலத்துக்குப் போகிறது. சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே: ஏறவில்லை. ஆகவே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மின்னேற்றியையும் கம்பியையும் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எது பழுது என்று தெரியாது. பழுதான கம்பி மறுபடி பைக்குள் போய்விடும்.

நம்மை அதிகம் ஏமாற்றுவது டைப்-சி வாய்தான். பழைய நீள்சதுர வாய், அதாவது டைப்-ஏ, எப்போதும் 5 வோல்ட் வைத்திருக்கும். எதை மாட்டினாலும் கொடுத்துவிடும். டைப்-சி வாயுள்ள மின்னேற்றி அப்படி இல்லை. மறுமுனையில் மின்சாரம் கேட்கும் கருவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். அதற்கு அடையாளம் கருவியின் வாய்க்குள் வைக்கப்படும் 5.1 கிலோஓம் மின்தடையாக்கி. ஒரு சில காசு பெறும் பொருள். அதையும் மிச்சப்படுத்த நினைத்து, மலிவான வாக்கி-டாக்கிகளிலும் வானொலிகளிலும் அதைப் பொருத்தாமலே விற்கிறார்கள். விளைவு: இரு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கம்பியை மாட்டினால் ஒரு விளக்குகூட எரியாது. மின்னேற்றி உயர்தரமானது, கம்பி புதியது, பேட்டரியும் நல்லது. ஆனாலும் ஏறாது. ஒரு முனை டைப்-ஏ, மறுமுனை டைப்-சி ஆன சாதாரணக் கம்பியைப் போட்டால் அடுத்த நொடி ஏறத் தொடங்கும்.

இது தெரியாததால் நல்ல கருவி கடைக்குத் திரும்பிப் போகிறது. இப்போது வரும் திறன்பேசி மின்னேற்றிகள் பலவற்றில் டைப்-சி வாய் மட்டுமே இருப்பதால், இந்தக் குழப்பம் இன்னும் கூடும். வானொலிப் பெட்டியோடு வந்த அந்தக் குட்டிக் கம்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டைப்-ஏ வாயுள்ள ஒரு பழைய மின்னேற்றியையும் முகாம் பையிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தது கம்பியின் நீளம். மாணவர்களே, ஓம் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். இதோ அது வேலை செய்யும் இடம். மெல்லிய யுஎஸ்பி கம்பிக்குள் உள்ள செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 ஓம். கம்பியின் நீளம் 2 மீட்டர் என்றால், மின்னோட்டம் போகவும் திரும்பவும் சேர்த்து 4 மீட்டர், மின்தடை 0.8 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.8 வோல்ட் போய்விடும். மின்னேற்றியில் 5 வோல்ட் கிளம்பினாலும் கருவிக்குப் போய்ச் சேர்வது 4.2 வோல்ட். லித்தியம் அயனி மின்கலம் முழுமையாக நிறையும்போது அதன் மின்னழுத்தமும் 4.2 வோல்ட்தான்! உந்துதலே இல்லாமல் எப்படி நிறையும்? மின்னேற்றம் மெதுவாகும், அல்லது நடுவிலேயே நின்றுவிடும். அதே கம்பி அரை மீட்டராக இருந்தால் இழப்பு 0.2 வோல்ட் மட்டுமே. கட்டிலில் படுத்தபடி திறன்பேசி பார்க்க வாங்கிய நீளக் கம்பியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

கருத்து விளக்கக் கட்டுரை எழுதுவோருக்கு இடையில் ஒரு சொல். “மின்சாரப் பிரச்சினையால் கருவி வேலை செய்யவில்லை” என்பது எதையும் விளக்கவில்லை. “கம்பியின் மின்தடையால் மின்னழுத்தம் குறைந்தது, அதனால் மின்னேற்றம் நின்றது” என்பதில் காரணமும் காரியமும் இருக்கின்றன. விடைத்தாளைத் திருத்துபவரின் கண்ணுக்கு இந்த வேறுபாடு உடனே படும்.

கணினியில் மாட்டி ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. யுஎஸ்பி 2.0 வாய், தரவிதிப்படி, கருவியும் கணினியும் பேசி ஒத்துக்கொள்ளும்வரை 100 மில்லிஆம்பியர்தான் தரும். அதன்பின் அதிகபட்சம் 500. மடிக்கணினி உறக்கநிலைக்குப் போனால் அதுவும் நின்றுவிடக்கூடும். இரவு முழுக்க ஏறியது என்று நாம் நம்புவோம். உண்மையில் ஏறியது அரை மணி நேரம். பவர் பேங்கிலும் இப்படி ஒரு குணம் உண்டு. இழுக்கப்படும் மின்னோட்டம் மிகக் குறைந்தால், யாரும் பயன்படுத்தவில்லை என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். வானொலி மின்கலம் நிறையும் தறுவாயில் கொஞ்சமாகத்தான் இழுக்கும். அப்போது பவர் பேங்க் கைவிரித்துவிடும்.

இனி மின்கலம். ஸ்கேனர்களில் சில இன்னமும் சாதாரண ஏஏ மின்கலங்களில்தான் ஓடுகின்றன. யூனிடன் பிசி125ஏடி அவற்றுள் ஒன்று: இரண்டு ஏஏ மின்கலங்கள், பக்கத்தில் ஒரு மினி யுஎஸ்பி வாய். மின்கல அறையைத் திறந்தால் உள்ளே ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். போட்டிருப்பது ஆல்கலைனா, நிக்கல் உலோக ஹைட்ரைடா என்று கருவிக்குச் சொல்வது அதுதான். ஆல்கலைன் பக்கம் தள்ளியிருந்தால், நீங்கள் எத்தனை மணி நேரம் கம்பியில் மாட்டி வைத்தாலும் ஏறாது. அது பழுதல்ல, பாதுகாப்பு. ஆல்கலைன் மின்கலத்துக்கு மின்னேற்றினால் கசியலாம், வெடிக்கவும் செய்யலாம். ஆகவே சுவிட்சைத் தள்ளுவதற்கு முன் மின்கலத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 1.2 வோல்ட் என்றும், மின்னேற்றலாம் என்றும் இருந்தால் மட்டும் தள்ளுங்கள். 1.5 வோல்ட் ஆல்கலைனையும் 1.2 வோல்ட் மின்கலத்தையும் கலந்து போடவே கூடாது. மாணவர்கள் இதைத்தான் முதலில் செய்வார்கள், கையில் கிடைத்த இரண்டைப் போட்டு மூடிவிடுவார்கள்.

நேரமும் ஒரு விஷயம். 2000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள நிக்கல் மின்கலத்தை 200 மில்லிஆம்பியரில் ஏற்றினால், கணக்குப்படி 10 மணி. வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 14 மணி. திறன்பேசியின் வேகத்துக்குப் பழகிய நமக்கு இரண்டு மணி நேரத்தில் பொறுமை போய்விடுகிறது. கருவியை இயக்கியபடியே ஏற்றினால் இன்னும் மோசம்: வருவதும் செலவாவதும் ஏறக்குறைய சமமாகிவிடும். அணைத்துவிட்டு ஏற்றுங்கள்.

இயக்கியபடி ஏற்றுவதில் வேறொரு தொல்லையும் உண்டு, இது ஸ்கேனருக்கே உரியது. மலிவான மின்னேற்றிகள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒட்டித்தான் 5 வோல்ட்டாக மாற்றுகின்றன. அந்த வெட்டலில் வானொலி இரைச்சல் பிறக்கும். ஸ்கேனர் அதைப் பேச்சு என்று எண்ணி ஓர் அலைவரிசையிலேயே நின்று உஸ்ஸென்று இரையும். “சார், ஸ்கேனர் மாட்டிக்கிச்சு!” என்பார்கள். கம்பியைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி மின்னேற்றிதான், கருவி நல்லது. கம்பியின் மேல் கவ்வும் ஃபெரைட் வளையம் ஓரளவு குறைக்கும். வேறு மின்னேற்றி இன்னும் நல்லது.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஏறவில்லை என்றால் யுஎஸ்பி வாயைப் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சும் திடலின் மண்ணும் உள்ளே இறுகியிருக்கும். கருவியை அணைத்து, கழற்ற முடிந்தால் மின்கலத்தையும் எடுத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெல்லக் கிளறுங்கள், ஊசி வேண்டாம். கம்பியை அசைத்தால் மட்டும் விளக்கு எரிகிறதென்றால் வேறொரு கம்பியில் சோதியுங்கள். அதிலும் அப்படியே என்றால் வாயின் பற்றவைப்பு விட்டிருக்கிறது. அது பழுதுபார்ப்பவரின் வேலை. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் எண்ணில் காட்டும் சிறிய யுஎஸ்பி அளவி இணையக் கடைகளில் அதிக விலையில்லாமல் கிடைக்கிறது. மின்னேற்றிக்கும் கம்பிக்கும் இடையே அதைச் செருகினால் ஊகமே வேண்டாம்: 5 வோல்ட் இருந்து மின்னோட்டம் சுழியம் என்றால் கோளாறு அதற்கு அப்பால், கம்பியிலோ கருவியிலோ. மின்னழுத்தமே இல்லையென்றால், டைப்-சி பற்றிச் சொன்னதை மறுபடி படியுங்கள்.

முகாமுக்கு இரண்டு நாள் முன்பே ஏற்றிவிட்டு, கம்பி இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். விளக்கு பச்சையானதை மட்டும் நம்பாதீர்கள். கிழண்டுபோன மின்கலமும் பச்சை காட்டும். நீண்ட பள்ளி விடுமுறைக்கு முன் ஏஏ மின்கலங்களைக் கழற்றி வையுங்கள். லித்தியம் மின்கலம் உப்பியிருந்தால், பின்மூடி கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றாலும்கூட, அதை மறுபடி மின்னேற்ற வேண்டாம், குத்த வேண்டாம், வகுப்பறைக் குப்பைத்தொட்டியில் போடவும் வேண்டாம். மாணவர் கை படாத இடத்தில், எரியும் பொருள்களிலிருந்து தள்ளி வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.