உயில் எழுதிவைப்போம்

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து உறவினர் விடைபெற்றுச் சென்றபின், துக்க வீட்டில் ஒரு கேள்வி மெல்லத் தலைதூக்குகிறது: “இந்த வீடு இனி யாருக்கு?” அதுவரை ஒன்றாக உண்டு வளர்ந்த உடன்பிறந்தோர், சில திங்களில் நீதிமன்ற வாயிலில் முகம் பாராது நிற்கக் காண்கிறோம். சொத்தைப் பிரித்துத் தருமாறு தன் சகோதரனுக்குச் சொல்லவேண்டும் என்று இயேசுவிடம் முறையிட்டவனை லூக்கா நற்செய்தியில் பார்க்கிறோம். ஆண்டவர் அவ்வழக்கில் நடுவராக இருக்க இசையவில்லை. நம் வீட்டை ஒழுங்கு செய்யும் பொறுப்பு நம்முடையதே.

உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. “நமக்கென்ன ஜமீனா இருக்கிறது? இந்த ஒரு வீடுதானே!” என்பர் வேறு சிலர். ஒரே வீடாக இருப்பதனால்தான் உயில் மிகுதியும் தேவைப்படுகிறது. பணத்தை எண்ணிப் பங்கிடலாம். வீட்டை அறை அறையாகப் பிரித்துக் கொடுப்பது எளிதன்று.

உயில் இல்லையேல் சட்டம் பங்கிடும். கிறிஸ்தவர்களாகிய நமக்குரியது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கு பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாகச் சேரும். 30 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டை விட்டு ஒருவர் மறைந்தார் எனக் கொள்வோம். மனைவிக்கு 10 இலட்சம். நான்கு பிள்ளைகளுக்குத் தலைக்கு 5 இலட்சம். பிள்ளைகளில் ஒருவர் தம் பங்கைக் கேட்டு வழக்குத் தொடுத்தாலும் வீட்டை விற்க நேரலாம். நாற்பது ஆண்டுகள் அடுப்பெரித்த வீட்டைவிட்டுத் தாய் முதிய வயதில் வெளியேற வேண்டிவரும்.

பிள்ளைகள் உள்ள ஒருவர் இறந்தால், அவரையே நம்பியிருந்த பெற்றோருக்கு அவருடைய சொத்தில் பங்கில்லை. கணவனை இழந்தபின்னும் மாமனார் மாமியாரைப் பேணிவரும் மருமகளுக்கு அவர்கள் சொத்தில் பங்கில்லை. நோயுற்ற பிள்ளைக்கும் வசதியாக வாழும் பிள்ளைக்கும் ஒரே அளவுதான்.

சீதனம் பெற்ற மகளுக்குப் பங்கில்லை என்னும் எண்ணமும் இன்னும் நிலவுகிறது. பழைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் உட்பட, அத்தகைய தனிச்சட்டம் இருந்தது உண்மையே. ஆயினும் 1951 முதல் அங்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்று மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பே கொடுத்த சீதனத்தையோ படிப்புச் செலவையோ இச்சட்டம் பங்கில் கழிப்பதில்லை.

இவற்றையெல்லாம் குடும்பத்தின் நிலையறிந்து சீர்செய்ய உயிலால் இயலும். மனைவி தம் ஆயுள் முழுவதும் வீட்டில் வாழ்ந்து அனுபவிக்கவும், அவருக்குப்பின் பிள்ளைகள் அடையவும் எழுதிவைத்தால், தாய்க்கு நிழல் உறுதியாகும். பிள்ளைகளின் உரிமையும் கெடாது. வீடு மனைவியின் பெயரில் இருந்தால் அவரே எழுத வேண்டும். இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் எழுதுவது நலம்.

எழுதும் முறை கடினமானதன்று. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் 18 வயது நிரம்பியவராயும் தெளிந்த அறிவுடையவராயும் இருத்தல் வேண்டும். அவர் கையொப்பமிடுவதைக் கண்ட சாட்சிகள் இருவரேனும் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாகக் கூடாது. சாட்சியானால் அவருக்கு எழுதியது செல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது கட்டாயமன்று. எனினும் பிற்கால ஐயங்களைத் தவிர்க்க உதவும். உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். முறைப்படி எழுதிய கடைசி உயிலே நிற்கும். உயில் எழுதியபின் திருமணமோ மறுமணமோ செய்தால் பழைய உயில் இரத்தாகிவிடும். புதிதாக எழுத வேண்டும்.

உயில் இருக்குமிடத்தை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லிவைப்போம். நாம் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளை அமர்த்தி, எவருக்கு எது, ஏன் என்பதை அன்போடு விளக்கிச் சொல்வோம். அரும்பாடுபட்டுக் கட்டிய வீட்டில், நமக்குப்பின்னும் நம் மக்கள் ஒன்றுகூடிச் செபமாலை சொல்லட்டும்.