கையெழுத்து யாருடையது?

ரயில்வேயில் ஒரு செக்‌ஷனுக்கு நான் சார்ஜ் எடுத்தபோதெல்லாம், முன்னவர் போட்ட கான்ட்ராக்டுகளும் என் தலையில்தான் விழுந்தன. ஒரு நாடே சார்ஜ் எடுத்தால்?

1947 ஆகஸ்ட் 14 தேதியிட்ட உத்தரவு ஒன்று, பிரிட்டிஷ் இந்தியாவின் சர்வதேச ஒப்பந்தங்களில் உள்ள உரிமைகளும் கடமைகளும் பொதுவாக இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்கும் சேரும் என்றது. சர்வதேச அமைப்புகளின் உறுப்பினர் இடம் மட்டும் இந்தியாவுக்கு. ஆகவே பாகிஸ்தான் ஐ.நா.வில் புதிதாகச் சேர வேண்டியதாயிற்று.

வணிக ஒப்பந்தம் என்றால் சிக்கல் அதிகம். உடனே அறுத்தால் சுங்கச் சலுகை போய், ஏற்றுமதி படுத்துவிடும். அப்படியே ஏற்றால், நம்மைக் கேட்காமல் அந்நியன் ஒப்புக்கொண்ட வரிவிகிதம் நம்மைக் கட்டும்.

1961 டிசம்பரில் விடுதலை பெற்ற டாங்கனிகா நடுவழி கண்டது. பிரிட்டன் செய்த இருதரப்பு ஒப்பந்தங்களை, எதிர்த்தரப்பும் மதித்தால், 2 ஆண்டுகள் நடத்துவோம்; அதற்குள் பேசித் தீர்க்காதவை பொதுவாகக் காலாவதி என்று பிரதமர் ஜூலியஸ் நைரேரே அறிவித்தார். பிறகு வேறு சில புதிய நாடுகளும் இவ்வழியே சென்றன.

முன்னாள் ஆட்சியாளரின் ஒப்பந்தம் என்பதற்காக மட்டுமே புதிய நாடு கட்டுப்பட வேண்டியதில்லை என்றது 1978 வியன்னா உடன்படிக்கை. எல்லைக்கோடுகள் போன்றவை விதிவிலக்கு.

அவகாசம் வாங்கி, ஃபைல் ஃபைலாகப் பார்த்துக் கையெழுத்திடுவதே நல்ல நிர்வாகம். நான் நைரேரே கட்சி. வாசகர்கள் என்ன சொல்கிறீர்கள்?