விழுந்தால் வீட்டுக்கு... விழாவிட்டால்?

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த மறுநாள், அவருடைய பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். இன்ஷூரன்ஸ் பத்திரம் ஏதாவது இருக்கும் என்று அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. உள்ளே இருந்தது என்ன தெரியுமா? லாட்டரிச் சீட்டுகள்! வருஷவாரியாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, மேலே துண்டுச் சீட்டில் வருஷமும் எழுதி... முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர் அல்லவா, ஃபைல் பண்ணாமல் இருப்பாரா?

எல்லாம் விழாத சீட்டுகள். (பத்து, இருபது என்று விழுந்ததை அன்றைக்கே கடையில் நீட்டி வேறு சீட்டு வாங்கிவிடுவார்.)

"இது எதுக்குப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "விழுந்தா வீட்டுக்கு, விழாட்டி நாட்டுக்குடா" என்பார், ஏதோ எல்லைக்குக் கிளம்புகிற சிப்பாய் மாதிரி.

1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு அரசு பரிசுச் சீட்டு வந்தது. அதன் கூடவே வந்த வாசகம் அது. அதை மிஞ்சிய ஒரு விளம்பரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. சீட்டாட்டத்தில் தோற்றவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். லாட்டரியில் தோற்றவன் தேசபக்தன்! கேரளா நமக்கு முன்னாலேயே 1967-ல் ஆரம்பித்துவிட்டது. 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கல், முதல் பரிசு ஐம்பதாயிரம். குடியரசு தினமாகப் பார்த்துத்தான் குலுக்கியிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நீங்களோ நானோ வீட்டுத் திண்ணையில் ஒரு லாட்டரி ஆபீஸ் போட்டால் ஆறு மாதம் வரை உள்ளே தள்ளலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294-ஏ பிரிவு அது. 2024-ல் புதுச் சட்டம் வந்தபோதும் நம்பர் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. ஆனால் அதே பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு: அரசாங்க லாட்டரியைத் தவிர! அதாவது நான் குலுக்கினால் குற்றம், கவர்மென்ட் குலுக்கினால் கஜானா. சூதாட்டம் என்பது அரசியல் சட்டம் காப்பாற்றுகிற வியாபாரமே அல்ல என்று 1957-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அப்புறம்தான் மாநிலம் மாநிலமாகக் கடை திறந்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் டீக்கடை இல்லாத தெரு உண்டு, லாட்டரிக் கடை இல்லாத தெரு கிடையாது. சிக்கிம், நாகாலாந்து, பூடான் என்று நாங்கள் மேப்பில்கூடத் தேடிப் பார்த்திராத ஊர்களின் சீட்டுகள் கிளிப் மாட்டித் தொங்கும். மைக் வேறு அலறும். அப்பா காலத்தில் குலுக்கலுக்காக நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்; அதற்குள் ஆசை கொஞ்சம் ஆறிவிடும். இப்போது சுரண்டல் சீட்டு, ஒற்றை நம்பர் லாட்டரி. காலையில் போட்டால் மத்தியானம் ரிசல்ட். தோற்றவனுக்கு வீட்டுக்குப் போகக்கூட நேரம் கிடையாது, உடனே அடுத்த சீட்டு!

எங்கள் ஆபீஸ் அட்டெண்டர் அண்ணன் அப்படித்தான் மாட்டினார். தங்கமான மனுஷன். பீடி, சிகரெட் கிடையாது. டீ வாங்கப் போனால் அரை மணி நேரம் வரமாட்டார், அவ்வளவுதான் குறை. அந்த அரை மணியில் என்ன நடந்தது என்பது ஒரு ஒன்றாம் தேதி தெரிந்தது. அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு கேஷ் கவுன்டர் பக்கத்தில் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. சம்பளக் கவரை அண்ணன் வாங்கினதும் கையை நீட்டினார். அண்ணன் கொடுத்துவிட்டார். ஆபீஸே ஃபைலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. அடுத்தடுத்த மாதங்களிலும் ஒன்றாம் தேதியானால் அந்த அக்கா வந்து நிற்பார்.

டெல்லியில் 1998-ல் ஒரு லாட்டரிச் சட்டம் போட்டார்கள். ஒற்றை நம்பர் கூடாது, ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கல்தான் என்றெல்லாம் கட்டுப்பாடு. (கேரளா இன்றைக்கும் கிழமைக்கு ஒரு பெயர் வைத்துக் குலுக்குகிறது. சட்டத்துக்குச் சட்டம், குலுக்கலுக்குக் குலுக்கல்!) 1999-ல் சுப்ரீம் கோர்ட்டிலிருந்து இன்னொரு தீர்ப்பு. வெளிமாநில லாட்டரிக்கு ஒரு அரசு தடை போடலாம், ஆனால் தன் லாட்டரியையும் மூடிவிட்டுத்தான் போட வேண்டும். என் கடையில் நான் விற்பேன், பக்கத்துக் கடையை மட்டும் சாத்து என்பது செல்லாது. எனக்குத் தெரிந்து, ஒரு அரசாங்கத்தைக் கண்ணாடி முன்னால் நிறுத்திய தீர்ப்பு அது.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு சொந்த லாட்டரியையும் சேர்த்து எல்லாவற்றையும் இழுத்து மூடியது. ஆயிரக்கணக்கான சில்லறை வியாபாரிகள் நடுத்தெருவுக்கு வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களில் கை கால் முடியாதவர்கள் நிறைய. ஆனாலும் என்னைக் கேட்டால் தடை சரிதான். அந்த மாதம் அந்த அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். பிப்ரவரி ஒன்றாம் தேதி ஆபீஸுக்கு வரவில்லை.

கதை சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்ச வருஷத்தில் டீக்கடை மறைவில் துண்டுப் பேப்பர் வந்தது. மூணு நம்பர் லாட்டரி! கேரள அரசு அங்கே ஊரறியக் குலுக்கும். அந்த ரிசல்டின் கடைசி மூன்று எண்ணை வைத்து இங்கே திருட்டு ஆட்டம். ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. சீட்டு கிடையாது, முத்திரை கிடையாது, கோர்ட்டுக்குப் போக வழியும் கிடையாது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, மனைவி, மூன்று பெண் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே அழிந்தது இந்த மூணு நம்பரால்தான். விழாவிட்டால் 'நாட்டுக்கு' என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாத லாட்டரி இது.

அண்ணனும் அந்தத் துண்டுப் பேப்பர் பக்கம் போனார். ரிட்டயர்மென்ட் பணத்தில் பாதி அதில்தான் கரைந்தது.

கேரளக்காரர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. அவர்கள் 2011-ல் காருண்யா என்று ஒரு லாட்டரி ஆரம்பித்து, லாபத்தை ஏழைகளின் கேன்சர், கிட்னி, இதய சிகிச்சைக்குக் கொடுத்தார்கள். வாங்குகிறவனும் ஏழை, சிகிச்சை பெறுகிறவனும் ஏழை என்பதுதான் கணக்கில் இடிக்கிறது. நடுவில் வரி வேறு. 2025 செப்டம்பரிலிருந்து லாட்டரிக்கு ஜி.எஸ்.டி. நாற்பது சதவிகிதம். சீட்டு வாங்கும்போதே நாட்டுக்குப் போய்விடுகிறது, விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை!

இவ்வளவும் தெரிந்தவன் என்ன செய்வான்? ஓணம் வந்தால் உக்கடத்தில் பாலக்காடு பஸ் ஏறுவான்! ஆமாம் சார், நான்தான். திருவோணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி. சீட்டு ஐந்நூறு ரூபாய். ஆபீஸில் ஆளுக்கு ஐம்பது போட்டுக் கூட்டுச் சீட்டு. 2023-ல் வாளையாரில் வாங்கிய சீட்டுக்குத்தான் முதல் பரிசு விழுந்தது. ஜெயித்தது திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நாலு பேர். அன்றிலிருந்து எங்கள் ஆபீஸில் யாருக்கும் தூக்கமில்லை. அந்த வருஷம் எழுபது லட்சத்துக்கும் மேல் சீட்டு விற்றது. எழுபது லட்சத்தில் ஒன்று! விழுந்தாலும் ஏஜென்ட் கமிஷன் பத்து சதவிகிதம் போக, மிச்சத்தில் முப்பது சதவிகிதம் வருமான வரி. 25 கோடி பதினைந்தே முக்கால் கோடியாகும், அதற்கு மேல் சர்சார்ஜ் உண்டு. இந்தக் கணக்கை ஆபீஸில் எல்லோருக்கும் போட்டுக் காட்டியவனும் நான்தான். வாளையாருக்குப் போகிறவனும் நான்தான்.

போன ஓணத்துக்கு முந்தின வாரம், உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அட்டெண்டர் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். நரைத்த தாடி, கையில் மருந்துப் பை.

"தம்பி, பம்பருக்குத்தானுங்க போறீங்க?"

மழுப்பினேன். அவர் சிரித்தார். சட்டைப் பையைத் துழாவி, நாலாக மடித்த ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்தார். "என் பேரையும் சேத்துக்குங்க. இது அரசாங்கச் சீட்டுதானுங்களே... தப்பில்லையே?"

"பத்துப் பேர் ஆயிடுச்சுங்கண்ணா" என்றேன்.

என் பாக்கெட்டில் இருந்த லிஸ்ட்டில் ஒன்பது பெயர்தான். பஸ் குனியமுத்தூர் தாண்டினதும் பேனாவை எடுத்து, பத்தாவது இடத்தில் என் பெயரையே இரண்டாம் தடவையாக எழுதிக்கொண்டேன்.