வெயில் தேசத்தில் வைட்டமின் டி பஞ்சம்: மூளை அழற்சிக்கு மாத்திரை மட்டும் போதுமா?

புதுதில்லி: ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் தலைநகரில், வெயிலால் கிடைக்க வேண்டிய சத்தே மக்களிடம் குறைவாக உள்ளது. எய்ம்ஸ் மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஆரோக்கியமான தில்லிவாசிகளிடமும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதைக் காட்டியது. வெளியில் பயிற்சி பெறும் ராணுவ வீரர்களின் நிலை மட்டும் சற்று மேலாக இருந்தது.

எலும்பு நோயோடு பேசப்பட்ட இக்குறைபாடு, இப்போது மூளை நோயோடும் சேர்த்துப் பேசப்படுகிறது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கி அழற்சியை உண்டாக்கும் நோய் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்'. பார்வை மங்குதல், கைகால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் இந்நோய் பெண்களையே அதிகம் தாக்குகிறது.

அமெரிக்க ராணுவத்தினரின் ரத்த மாதிரிகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வில், வைட்டமின் டி அதிகமிருந்த வெள்ளையருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு குறைவாகக் காணப்பட்டது. கறுப்பினத்தவரிடம் அத்தொடர்பு உறுதியாகவில்லை.

குறைபாடு ஒன்றே காரணமென்றால் இந்தியாவில் இந்நோய் மலிந்திருக்க வேண்டும். ஆனால், பிரிட்டனில் லட்சம் பேரில் 100-க்கும் அதிகமானோருக்குள்ள இந்நோய், மங்களூர் நகரில் நடந்த கணக்கெடுப்பில் லட்சத்துக்குச் சுமார் 8 பேரிடமே காணப்பட்டது. மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று முக்கியக் காரணி என்பதை 2022-இல் வெளியான மற்றொரு ஆய்வு வலுவாக நிறுவியது.

சிகிச்சை ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்காவில் வழக்கமான மருந்துடன் அதிக அளவு வைட்டமின் டி தந்தும் நோய் மீள்வது குறையவில்லை என்று 2023-இல் தெரிய வந்தது. நோயின் தொடக்க நிலையில் அதிக அளவு கொடுத்தபோது பலன் தெரிந்ததாக 2025-இல் பிரெஞ்சு ஆய்வு கூறியது.

எனவே, குறைபாட்டைச் சரிசெய்வது அவசியம். அதையே முழு மருந்தாகக் கருதி, நோயைக் கட்டுப்படுத்தும் சிகிச்சையைக் கைவிடுவது ஆபத்து. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் பெருகிச் சிறுநீரகம் கெடும்.

நாடாளுமன்றம் 2016-இல் நிறைவேற்றிய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால், அரசுப் பணிகளில் 4 சதவீத இடஒதுக்கீடு பெறும் பிரிவுகளில் இதன் பெயர் இல்லை. இளவயதிலேயே நடை தளர்ந்து நிற்போருக்கு வெயிலும் மாத்திரையும் மட்டும் போதா. வேலையும் தொடர் சிகிச்சையும் வேண்டும்.