அறிந்தவரை அறிந்து கொள்வோம்
தொழில் முயற்சியாளர் ஒன்றுகூடல்களும் எமது குடும்பங்களும்

இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் இழப்புகளைப் பதியும்போது வீடு, காணி, கிணறு, மாடு, இறைப்பு இயந்திரம் என்று ஒரு பட்டியல் எழுதப்படுகின்றது. எந்தப் படிவத்திலும் இடம்பெறாத இழப்பொன்றும் உண்டு. அது அறிமுகம் ஆகும். சொந்த ஊரில் இறைப்பு மிசின் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது, நல்ல விதை வெங்காயம் யாரிடம் கிடைக்கும், மாட்டுக்குச் சுகமில்லையென்றால் யார் வந்து பார்ப்பார் என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. இடம்பெயர்ந்து வந்த இடத்தில் அந்த மிசின் திருத்துபவரும் நிவாரண வரிசையில் நிற்கும் இன்னொருவர் மட்டுமே. அவருடைய கையில் தொழில் இருக்கின்றது. ஆனால் அது இருப்பது அடுத்த கொட்டிலில் உள்ளவருக்குக் கூடத் தெரியாது.

இழந்த காணியை நாமாக மீட்க முடியாமல் இருக்கலாம். இழந்த அறிமுகத்தை நாமாகவே மீண்டும் உண்டாக்கலாம். அதற்கான வழிகளில் ஒன்று தொழில் முயற்சியாளரும் தொழில்நுட்ப ஆர்வலரும் கூடிப் பேசும் ஒன்றுகூடல்களும் செயலமர்வுகளும் ஆகும். இவை பட்டணத்துப் படித்த இளைஞர்களுக்கு உரியவை என்று எம்மில் பலர் எண்ணுகின்றோம். அவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு நடந்தன என்பதை அறிந்தால் இந்த எண்ணம் மாறும்.

முப்பத்திரண்டு பேரும் ஒரு கொட்டகையும்

கணினி என்பது 1970களின் தொடக்கத்தில் பெரிய கம்பனிகளிடமும் பல்கலைக்கழகங்களிடமும் இராணுவத்திடமும் மட்டுமே இருந்தது. சாதாரண மனிதன் ஒருவன் அதைச் சொந்தமாக வைத்திருக்கலாம் என்று நினைப்பவர்கள் மிகச் சிலரே. 1975 ஜனவரியில் அமெரிக்கச் சஞ்சிகையொன்று, வீட்டிலேயே பாகங்களைப் பொருத்திச் செய்யக்கூடிய 'அல்டெயர் 8800' என்னும் கணினியைப் பற்றி எழுதியது. அதன் விலை 400 டொலருக்குச் சற்றுக் குறைவு.

இதனால் ஆர்வங்கொண்ட சிலர் 1975 மார்ச் 5ஆம் திகதி கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில், கோர்டன் பிரெஞ்ச் என்பவரின் வீட்டுக் கார்க் கொட்டகையில் கூடினர். அவரோடு சேர்ந்து அழைப்பு விடுத்தவர் பிரெட் மூர். இவர் போருக்கு எதிராக உழைத்து வந்த ஒரு சமாதான ஊழியர். 1959இல் மாணவராக இருந்தபோது கட்டாய இராணுவப் பயிற்சியை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தவர். அறிந்ததை அறியாதவரோடு பகிர வேண்டும் என்பதே அவருடைய நோக்கமாக இருந்தது.

அன்று வந்தவர்கள் 32 பேர். அவர்களில் ஆறு பேர்தாம் ஏற்கெனவே ஏதோ ஒரு விதமாகச் சொந்தக் கணினி செய்திருந்தனர். மற்றவர்கள் கேட்க வந்தவர்கள். மேடையோ பிரதம விருந்தினரோ இருக்கவில்லை. 'ஹோம்புறூ கணினிக் கழகம்' என்று பின்னர் பெயர் பெற்ற அமைப்பு இப்படித்தான் தொடங்கியது. நாளடைவில் நூற்றுக்கணக்கானோர் வரவே, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிலையமொன்றின் மண்டபத்தில் இரு வாரங்களுக்கு ஒரு தடவை கூட்டம் நடந்தது. ஒரு செய்தி மடலும் வெளிவந்தது.

முதற் கூட்டத்துக்குச் சென்றவர்களுள் ஸ்டீவ் வொஸ்னியாக் என்னும் இளம் பொறியியலாளரும் ஒருவர். அவர் கூச்ச சுபாவம் உடையவர், கூட்டத்தில் எழுந்து பேசமாட்டார். அன்று கிடைத்த தொழில்நுட்பத் தாளொன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். சொந்தமாக ஒரு கணினியை வடிவமைத்தார். கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டி, அதன் வரைபடத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜொப்ஸ் அதை விற்கலாம் என்றார். முதலுக்காக ஒருவர் தமது வாகனத்தையும் மற்றவர் தமது கணிப்பானையும் விற்றனர். அதே கழகத்தில் அறிமுகமான கடைக்காரர் ஒருவர் 50 கணினிகளுக்குக் கட்டளை கொடுத்தார். 1976 ஏப்ரல் 1ஆம் திகதி ஆரம்பமான அந்தத் தொழிலே ஆப்பிள் நிறுவனம். கற்ற இடம், காட்டிய இடம், முதலாவது வாடிக்கையாளரைக் கண்ட இடம் ஆகிய மூன்றும் ஒரே கூட்டம்தான் என்பது கவனிக்கத்தக்கது.

கூட்டம் நடந்த முறை

எமது கூட்டங்கள் பல எப்படி நடக்கின்றன? தலைமையுரை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை, பின்னர் தேநீர். பக்கத்தில் இருந்தவரின் பெயரைக் கூட அறியாமல் வீடு திரும்புகின்றோம்.

ஹோம்புறூ கழகத்தில் கூட்டத்தை நெறிப்படுத்திய லீ பெல்சென்ஸ்டீன் அதை இரண்டு பகுதிகளாகப் பிரித்தார். முதற் பகுதியில் விரும்பியவர் எழுந்து தம்மிடம் என்ன இருக்கின்றது, எது தேவை, எந்த இடத்தில் சிக்கிக்கொண்டார் என்பதைச் சில வசனங்களில் சொல்வார். நீண்ட விவாதத்துக்கு அங்கு இடமில்லை. யாரிடம் என்ன உண்டு என்பதைச் சபை அறிந்துகொள்வதே அந்தப் பகுதியின் வேலை. இரண்டாம் பகுதியில் எல்லோரும் இருக்கையை விட்டு எழும்பி, தமக்கு வேண்டியவரைத் தேடிச் சென்று பேசுவார்கள். சாமான்கள் கைமாறும். பழுதான கருவி அங்கேயே திறந்து பார்க்கப்படும். எழுந்து பேசக் கூச்சப்பட்டவரும் இரண்டாம் பகுதியில் பயன் பெற்றார்.

இதற்குப் பணச் செலவு எதுவுமில்லை. ஒரு மரநிழலும் நேரத்தைக் கவனிக்கும் ஒருவரும் போதும்.

தூரத்து அறிமுகத்தின் பலன்

சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையொன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அமெரிக்காவில் பொஸ்டன் நகருக்கு அருகே, அறிந்தவர் மூலமாகப் புதிய வேலை பெற்றவர்களிடம் அவர் ஒரு கேள்வி கேட்டார். அந்த அறிந்தவரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள்? வாரத்தில் இரு தடவையாவது சந்திக்கும் நெருங்கியவர் மூலம் வேலை பெற்றோர் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர் மட்டுமே. ஏனையோர் எப்போதாவது, அல்லது அரிதாகவே சந்திக்கும் ஒருவர் மூலமே வேலை பெற்றிருந்தனர்.

காரணம் எளிது. எமது வீட்டாரும் அயலாரும் எமக்குத் தெரிந்ததையே அறிந்திருப்பர். வேறு ஊரவரே எமக்குத் தெரியாத செய்தியைக் கொண்டு வருகின்றார். முகாமிலும் மீள்குடியேறிய கிராமத்திலும் நாம் உறவினரோடும் சொந்த ஊரவரோடும் ஒட்டியே வாழ்கின்றோம். துன்பத்தில் அந்த உறவே எம்மைத் தாங்குகின்றது. ஆனால் எங்கே மிளகாய்க்கு நல்ல விலை, எந்தப் பட்டறையில் ஆள் தேவை என்ற செய்தி பெரும்பாலும் அதற்கு வெளியிலிருந்தே வரும். எனவே ஒரே ஊரவர் மட்டும் கூடும் கூட்டத்தை விட, பல ஊரவரும் பல தொழிலினரும் கலக்கும் கூட்டம் இந்த வகையில் அதிகம் உதவும்.

பகிர்வதா, விற்பதா?

இத்தகைய கூட்டங்களில் ஒரு சச்சரவும் தவிர்க்க முடியாதது. அல்டெயர் கணினிக்காக பில் கேற்ஸும் போல் அலனும் எழுதிய மென்பொருள் காகித நாடாவில் வந்தது. அந்த நாடா ஒன்று 1975இல் கழகத்தவர் கைக்கு எட்டியது. அதைப் பிரதி செய்து இலவசமாகப் பகிர்ந்தனர். ஒரு பிரதி கொண்டு போகிறவர் அடுத்த முறை இரண்டு கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. 1976 பெப்ரவரியில் கேற்ஸ் பகிரங்கக் கடிதமொன்று எழுதி, இது உழைத்தவனின் கூலியைத் திருடுவதாகும் எனக் கண்டித்தார். இரு பக்கத்திலும் நியாயம் தெரிகின்றது. பகிராவிட்டால் கழகமே இல்லை. ஆனால் இராப்பகலாக உழைத்தவனுக்கு எதுவும் மிஞ்சாவிட்டால் அவன் மறுபடியும் எதையும் செய்யப் போவதில்லை.

உறுப்பினர் பலர் கம்பனி தொடங்கிய பின்னர் இரகசியங்கள் பெருகின, முன்போல மனந்திறந்து பேச்சு நடக்கவில்லை. கழகம் 1986 டிசம்பரில் தன் கடைசிக் கூட்டத்தை நடத்தியது. இன்னொரு குறையும் உண்டு. அங்கு கூடியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்களே.

தேனீயின் வழி

பகிர்வுக்கும் உரிமைக்கும் இடையில் வழி தேடிய முயற்சியொன்று இந்தியாவில் உண்டு. அகமதாபாத்தில் உள்ள முகாமைத்துவக் கல்லூரியின் பேராசிரியர் அனில் குப்தா 1980களின் பிற்பகுதியில் 'ஹனி பீ', அதாவது தேனீ, என்னும் வலையமைப்பைத் தொடங்கினார். தேனீ பூவிலிருந்து எடுக்கின்றது, ஆனால் பூ வறுமைப்படுவதில்லை. அதேபோல விவசாயியிடம் பெற்ற அறிவை அவருடைய பெயரோடு வெளியிட வேண்டும், அவருடைய மொழியிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனால் வருமானம் வந்தால் அவருக்கும் பங்கு வேண்டும் என்பன அதன் கொள்கைகள். இதன் வழியில் மதுரையிலிருந்து 'நம் வழி வேளாண்மை' என்னும் தமிழ்ச் சஞ்சிகை வெளிவந்தது. 1998 முதல் இவர்கள் கிராமம் கிராமமாக நடந்து, புதியன செய்தவர்களை அவர்களுடைய முற்றத்திலேயே சந்தித்து வந்துள்ளனர்.

குஜராத்தைச் சேர்ந்த குயவர் மன்சுக்பாய் பிரஜாபதி செய்த மண் குளிரூட்டி இந்த வலையமைப்பின் துணையால் வெளியுலகு அறிந்த பொருட்களில் ஒன்று. 2001 பூகம்பத்தின் பின்னர் அவர் அதற்காகப் பல முயற்சிகள் செய்தார். மேலே ஊற்றும் தண்ணீர் மண் சுவரில் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிர்கின்றது. மரக்கறி சில நாட்களுக்கு வாடாமல் இருக்கின்றது. மின்சாரம் தேவையில்லை.

எமது மண்ணில்

புதியன செய்வது எமக்குப் புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாகியபோது, சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவால் வானொலி கேட்டோம். இவற்றை முதலிற் செய்தவர் யார் என்று நாம் எழுதி வைக்கவில்லை. வாய்மொழியாகவே ஊரெங்கும் பரவின.

போர் 2009இல் முடிந்த பின்னர் யாழ்ப்பாணத்தில் இளைஞரின் கூட்டங்கள் தோன்றின. 'யாழ் ஐரி ஹப்' என்னும் தொண்டர் அமைப்பு 2012இல் 'யாழ் கீக் சலஞ்ச்' என்னும் போட்டியைத் தொடங்கியது. இளைஞர் குழுக்கள் தம் யோசனையை அனுபவசாலிகளிடம் காட்டித் திருத்தி, நடுவர் முன் வைப்பது அதன் முறை. எமது பிள்ளைகளும் இத்தகைய இடங்களுக்குச் செல்ல வேண்டும். அதேவேளை பஸ் காசு, நகரத்தின் தூரம், ஆங்கிலச் சொற்கள், தனியே செல்லும் பெண்பிள்ளையின் பாதுகாப்பு ஆகியன அவர்களுக்கு உண்மையான தடைகள். எனவே நகரத்துக் கூட்டத்துக்காகக் காத்திராமல் எமது சனசமூக நிலையத்திலேயே ஒன்றைத் தொடங்குவது நல்லது.

நாம் செய்யக்கூடியவை

1. மாதத்தில் ஒரு நாளை நிச்சயித்து, அதே நாளில் தவறாமல் கூடுவோம். இறைப்பும் சமையலும் முடிந்த, பெண்கள் வரக்கூடிய நேரமாக அது இருக்கட்டும்.

2. முதல் அரை மணித்தியாலத்தில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடத்துக்குள் மூன்று விடயங்கள் மட்டும் சொல்வோம்: எனக்குத் தெரிந்தது, என்னிடம் உள்ளது, எனக்குத் தேவையானது. பின்னர் எழுந்து ஒருவரையொருவர் தேடிப் பேசுவோம்.

3. பழுதான தெளிகருவி, தையல் மிசின், வானொலி எதையாவது கொண்டு வருவோம். வாயாற் சொல்வதை விடக் கையாற் காட்டுவது நன்கு பதியும்.

4. வேற்று ஊரவர் ஒருவரையும் வேறு தொழில் செய்பவர் ஒருவரையும் ஒவ்வொரு முறையும் அழைப்போம். முகாமில் உள்ளவரோடு அயற் கிராமத்தவரும் கூடினால் இரு பகுதியினரிடையே உள்ள சந்தேகமும் குறையும்.

5. ஒரு கொப்பியில் யாருக்கு எது தெரியும் என்று அவரவர் சம்மதத்தோடு எழுதி வைப்போம். ஒருவர் சொல்லிக் கொடுத்ததை அவர் பெயரோடு எழுதுவோம். எது எல்லோருக்கும் பொது, எது அவருடைய பிழைப்பு என்பதை அவரே சொல்லட்டும்.

6. கூட்டத்தில் கடன், சீட்டு, வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டி வருபவரிடம் அவதானமாக இருப்போம். அறிமுகத்தைப் பணமாக்க வருபவர்களும் உண்டு.

ஒரு கூட்டத்தால் எல்லாம் மாறிவிடாது. மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒன்றும் நடவாதது போலவே தோன்றும். பின்னர் ஒரு நாள் வெல்டிங் தெரிந்தவரும் பழைய இரும்பு வைத்திருப்பவரும் கச்சான் உடைக்கும் கருவி தேவைப்பட்ட தாயொருவரும் ஒரே பாயில் இருப்பார்கள். அவர்கள் சந்திப்பதற்கு ஓர் இடத்தை ஆயத்தமாக வைத்திருப்பதே எமது பொறுப்பு. வரும் மாதத்திலேயே ஒரு நாளைக் குறித்து, முதலில் அடுத்த கொட்டிலில் இருப்பவரிடம் அவருக்கு என்ன தொழில் தெரியும் என்று கேட்போம்.