ஒன்பதாயிரம் சுற்றுகளுக்கு அப்பால்

பிஸ்டனை அறவே நீக்கிவிட்டு, முக்கோண வடிவச் சுழலி ஒன்றின் இயக்கத்தால் காரை ஓட்டிக்காட்டிய எஞ்சின்களுள், ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வான்கெலின் பெயரைத் தாங்கிய ரோட்டரி எஞ்சின் மட்டுமே பல்லாண்டுகள் பெரும் எண்ணிக்கையில் உற்பத்தியாகிச் சாலைக்கு வந்தது. இன்று அது கார்ச் சந்தையின் ஓரத்துக்குப் போய்விட்டபோதிலும், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பிரித்து மேய்ந்து தம் விருப்பப்படி மறுபடி கட்டுவோரிடையே, குறிப்பாக ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, புவெர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில், அதன் மீதான பற்று குறையவில்லை. நிமிடத்திற்கு 9,000, 10,000 சுற்றுகள் வரை தயக்கமின்றி ஏறும் இயல்பே அந்தப் பற்றுக்கு முதற்காரணம். ஆனால் அவ்வளவு வேகமாகச் சுழல்வது ஒரு திறன் என்றால், அந்த வேகத்தில் சிதையாமல் சுழன்றுகொண்டிருப்பது முற்றிலும் வேறொரு திறன். எஞ்சின் கட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி இரண்டாவதற்கே செலவாகிறது.

வான்கெலின் முதல் மாதிரி 1957 பிப்ரவரியில் ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் நகரிலிருந்த என்எஸ்யு ஆலையில் இயங்கியது. அதில் சுழலி மட்டுமன்றி அதைச் சூழ்ந்த உறையும் சேர்ந்தே சுழன்றதால் மிக உயர்ந்த வேகம் கிடைத்தது. ஆயினும் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதற்கே எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருந்தது. அதே நிறுவனத்தின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே, உறையை அசையாமல் நிறுத்திச் சுழலியை மட்டும் மையம் விலகிய பாதையில் சுற்றவிடும் எளிய அமைப்பை உருவாக்கினார். பின்னாளில் சாலைக்கு வந்த ரோட்டரி எஞ்சின்கள் இந்த இரண்டாம் வடிவத்தின் வழிவந்தவையே.

இடையில் சற்றே ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற உறைக்குள், புடைத்த பக்கங்களையுடைய முக்கோணச் சுழலி தன் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டபடி சுற்றிவருகிறது. சுவருக்கும் சுழலியின் ஒவ்வொரு பக்கத்திற்கும் இடையே உள்ள அறை, சுற்றின் போக்கில் விரிந்தும் சுருங்கியும் உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு வேலைகளையும் செய்துமுடிக்கிறது. சுழலியின் நடுவே செல்லும் தண்டில், அதன் மையக்கோட்டிலிருந்து விலகி அமைந்த உருண்டைப் பகுதி ஒன்று உண்டு. பிஸ்டன் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் செய்யும் பணியை இந்த எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் செய்கிறது. சுழலியின் உட்பக்கத்திலுள்ள 51 பற்கள் கொண்ட பற்சக்கரம், உறையின் பக்கத் தகட்டில் அசையாமல் பொருத்தப்பட்ட 34 பற்கள் கொண்ட சக்கரத்தின் மேல் உருள்வதால், தண்டு மூன்று முறை சுற்றும்போது சுழலி ஒரே ஒரு முறைதான் சுற்றுகிறது. எனவே 9,000 சுற்று என்று மீட்டர் காட்டும்போது சுழலியின் சொந்த வேகம் 3,000 மட்டுமே. மேலும் கீழும் அடித்து நின்று திரும்பும் பிஸ்டன் இல்லை, உயர்வேகத்தில் மூடத் தவறும் வால்வும் இல்லை. ரோட்டரி எஞ்சினுக்கு வேக வரம்பே கிடையாது என்னும் நம்பிக்கை இங்கிருந்துதான் பிறந்தது. அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை.

மறுபாதியை நன்கு உணர்ந்தவர்கள் ஹிரோஷிமாவில் இருந்த டோயோ கோக்யோ நிறுவனத்தார். இன்று மஸ்டா எனப்படுவது அந்நிறுவனமே. என்எஸ்யுவிடம் உரிமம் பெற்ற பின், கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் கொண்ட குழு இந்த எஞ்சினோடு போராடத் தொடங்கியது. சுழலியின் முனைகளில் பொருத்தப்பட்டு வாயுவைக் கசியவிடாமல் தடுக்கும் மெல்லிய பட்டைகள், அதாவது முனை சீல்கள், உறையின் உட்சுவரில் அலையலையான கீறல்களை ஏற்படுத்தின. பிசாசின் நகக்கீறல் என்றே அவர்கள் அவற்றுக்குப் பெயரிட்டனர். கார்பனில் அலுமினியத்தை ஊடுருவச் செய்து ஆக்கிய சீல்கள் அந்தச் சிக்கலைத் தீர்த்த பிறகே, 1967 மே மாதத்தில் இரண்டு சுழலிகளைக் கொண்ட காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் என்எஸ்யு வெளியிட்ட ஆர்ஓ 80 என்னும் அழகிய கார், சீல் தேய்மானத்தால் உத்தரவாதச் செலவில் மூழ்கித் தன் நிறுவனத்தையே தளர்த்திவிட்டது. ஒரே ஆண்டில் பிறந்த இரு கார்களின் விதியை, விரல் நீளத்தை மிகாத ஒரு பட்டை பெருமளவுக்குத் தீர்மானித்தது.

சொந்தமாக எஞ்சின் கட்ட முனைவோர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது மஸ்டாவின் 13பி வகையையே. 654 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரண்டு அறைத்தொகுதிகள், மொத்தம் 1,308. சுழலியின் அகலம் 80 மில்லிமீட்டர். தண்டின் மைய விலக்கம் 15 மில்லிமீட்டர். 1978-இல் வெளிவந்த முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரின் இலேசான உடலில், டர்போ இல்லாமல், உயர்ந்த சுழற்சியை மட்டுமே நம்பி இதைப் பொருத்துவது பலரின் கனவு. டர்போ பொருத்தினால் குறைந்த சுழற்சியிலேயே கூடுதல் திறன் கிடைத்துவிடும் என்பது உண்மைதான் என்றாலும், ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணமே பதிலளித்து, ஏற ஏற வலுக்கும் எஞ்சினின் சுவை அதில் சற்று மங்கிப்போகிறது.

உயர்ந்த சுழற்சியின் விலை என்னவென்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். சுழலி ஏறத்தாழ நான்கே கால் கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு. அதன் மையம் 15 மில்லிமீட்டர் ஆரத்தில் தண்டைச் சுற்றிவருகிறது. 9,000 சுற்றில் அது தண்டை வெளிப்புறமாக இழுக்கும் விசை சுமார் 6 டன் எடைக்குச் சமம். வேகத்தின் இருமடிப்படி விசை வளர்வதால் 12,000 சுற்றில் அது 10 டன்னைத் தாண்டும். இரண்டு சுழலிகளும் எதிரெதிர்த் திசைகளில் இழுப்பதால் எஞ்சின் அதிராமல் இருக்கிறது. ஆனால் தண்டு வளையாமல் இருப்பதில்லை. 13பி எஞ்சினின் தண்டுக்கு முன்னும் பின்னும் மட்டுமே பேரிங் உண்டு, நடுவே தாங்குவதற்கு ஏதுமில்லை. தண்டு மிக நுண்ணிய அளவில் வளையும்போது சுழலி சாய்ந்து, அதன் முனையோரங்கள் பக்கத் தகட்டில் உரசுகின்றன. ஆகவே சுழலியின் பக்கங்களை முனைகளுக்கருகே சிறிது சீவி இடம் விடுவதும், சுழலிகளின் எடையைக் குறைத்துப் பின் தண்டு, எதிர் எடை, ஃப்ளைவீல் அனைத்தையும் ஒன்றாகச் சுழலவைத்துச் சமன் செய்வதும் தவிர்க்க முடியாத பணிகளாகின்றன. அசையாப் பற்சக்கரங்களைக் கடினப்படுத்தியவையாக மாற்றி, எண்ணெய்த் துளைகள் கூடுதலாக உள்ள பேரிங்குகளை அவற்றில் அழுத்திப் பொருத்துவார்கள். எண்ணெயின் அழுத்தத்தையும் உயர்த்துவார்கள். எண்ணெய் இங்கே மசகு மட்டுமன்று: தண்டின் உள்ளிருந்து சுழலிகளின் உட்குழிவுக்குள் பீய்ச்சப்பட்டு, எரிதலின் வெப்பத்தில் கணிசமான பங்கைச் சுமந்து வெளியேறுவதும் அதுவே. பெரிய எண்ணெய்க் குளிர்விப்பான் இல்லாமல் கட்டப்பட்ட உயர்வேக ரோட்டரி அதிக நாள் தாங்காது.

சீல்களின் நிலை இன்னும் கடினமானது. 9,000 சுற்றில் சுழலியின் முனை, உறையின் அகன்ற பகுதியைக் கடக்கும்போது வினாடிக்கு 47 மீட்டர், அதாவது மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் சுவரைத் தேய்த்துச் செல்கிறது. அவ்விடத்தில் சீலின் ஒவ்வொரு கிராமும் இரண்டரைக் கிலோவுக்குச் சற்றே குறைந்த எடையாகிச் சுவரில் அழுந்துகிறது. உறை ஒடுங்கும் இடுப்புப் பகுதியிலோ பாதையின் வளைவு காரணமாக விசை தலைகீழாகிச் சீலைச் சுவரிலிருந்து பிரிக்கப் பார்க்கிறது. கீழிருந்து தள்ளும் ஸ்பிரிங்கும் வாயுவின் அழுத்தமுமே அதைச் சுவரோடு இருத்துகின்றன. ஒரே சுற்றுக்குள் மாறிமாறி அழுந்தியும் பிரியத் துடித்தும் வேலை செய்யும் இந்தப் பட்டை எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பந்தய எஞ்சின்கள் கார்பன் அல்லது பீங்கான் வகைச் சீல்களை நாடுவது இதனால்தான். 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி காரின் நான்கு சுழலி எஞ்சின், பீங்கான் சீல்களுடன் 9,000 சுற்றில் 700 குதிரைத்திறன் தந்து, 362 சுற்றுகள் முடித்து முதலாவதாக வந்தது. பீங்கானின் விலையைத் தாங்க இயலாத பெரும்பாலான கட்டுநர்கள், 10,000 சுற்றுக்குக் கீழே நின்று நல்ல உலோகச் சீல்களோடு நிறைவடைகின்றனர். அது விவேகமான முடிவே.

தாங்கும் வலிமை மட்டும் திறனைத் தந்துவிடாது. தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அறைகள் காற்றை உறிஞ்சுவதால், 9,000 சுற்றில் 13பி எஞ்சினுக்கு நிமிடத்திற்குச் சுமார் 11,800 லிட்டர் காற்று தேவை, 2.6 லிட்டர் பிஸ்டன் எஞ்சின் ஒன்றின் பசி அது. ஆலையிலிருந்து வரும் நுழைவாய்கள் இதற்குப் போதாமல் மூச்சுத் திணறுவதால் அவற்றைச் செதுக்கிப் பெரிதாக்க வேண்டும். இருக்கும் வாயையே அகலப்படுத்துவது ஸ்ட்ரீட் போர்ட். அதையடுத்துப் புருவம் போன்ற இன்னொரு பிளவை வெட்டி, சீல் வழுக்கிக் கடப்பதற்காக இடையே மெல்லிய உலோகப் பாலத்தை விட்டுவைப்பது பிரிட்ஜ் போர்ட். பக்கத் தகட்டுத் துளைகளை மூடிவிட்டு உறையின் சுற்றுச்சுவரிலேயே வட்டமான வாயைத் திறப்பது பெரிஃபெரல் போர்ட். இந்த மூன்றாம் வகையால், நன்கு கட்டப்பட்ட எஞ்சின் 300 குதிரைத்திறனை ஒட்டி எட்டக்கூடும். எனினும் உள்வரும் வாயும் வெளியேறும் வாயும் ஒரே நேரத்தில் நெடுநேரம் திறந்திருப்பதால், குறைந்த வேகத்தில் எரிந்த புகை புதிய கலவைக்குள் புகுந்து, எஞ்சின் விட்டுவிட்டு வெடித்துத் தடுமாறுகிறது. நகர நெரிசலில் அத்தகைய காரை ஓட்டுவது பெரும் வேதனை. சாலைக்கும் பந்தயத் தடத்திற்கும் பொதுவாக ஒன்று வேண்டுமெனில் அளவான ஸ்ட்ரீட் போர்ட்டே தக்கது.

மஸ்டாவின் ஆலை அமைப்பில், சிறு பம்ப் ஒன்று எஞ்சின் எண்ணெயையே துளித்துளியாக அறைக்குள் செலுத்திச் சீல்களுக்கு மசகாக்குகிறது. உயர்வேக எஞ்சின் கட்டுவோர் பலர் அதை நீக்கிவிட்டு, நம் ஊர்ப் பழைய ஸ்கூட்டர்களுக்குப் பெட்ரோல் பங்கில் டூ-டி ஆயில் கலந்து ஊற்றியதைப் போலவே, பெட்ரோலில் நேரடியாக எண்ணெயைக் கலந்துவிடுகின்றனர். முன்னர் வெபர் கார்புரேட்டர்கள் செய்த எரிபொருள் பணியை, இப்போது ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனித் த்ராட்டிலும் கணினிக் கட்டுப்பாடும் ஏற்றுக்கொண்டுள்ளன. உச்ச வேகத்தில் கலவை நீர்த்துப்போனாலோ பொறி முந்திவிட்டாலோ எரிதல் வெடிப்பாக மாறிச் சீலை முறித்துவிடும் என்பதால், எஞ்சினின் திறனை அளக்கும் டைனோ மேடையில் பொறுமையாகச் செய்யும் டியூனிங்கை எவரும் குறுக்கிவிடக் கூடாது. கியர் விகிதமும் மறக்கத்தக்கதன்று. திறன் முழுவதும் 7,000 சுற்றுக்கு மேல் குவிந்திருக்கும் எஞ்சினுக்கு, கியர் மாற்றும்போது சுழற்சி அந்த எல்லைக்குக் கீழே விழாத அளவுக்கு நெருக்கமான கியர்களும், பின் அச்சில் உயர்ந்த விகிதமும் வேண்டும்.

இவ்வளவையும் ஒன்று சேர்க்கும் கட்டம்தான் கட்டுபவரின் தரத்தைக் காட்டுகிறது. சுழலியின் பக்கவாட்டில் பதியும் பக்க சீலுக்கும் அதன் மூலைகளில் அமையும் மூலை சீலுக்கும் இடையே 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை மட்டுமே இடைவெளி இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு சீலையும் அதனதன் பள்ளத்தில் வைத்துப் பார்த்து, கையால் அராவி, மீண்டும் அளந்து பொருத்த வேண்டும். தண்டின் முன்பின் அசைவும் 0.04 முதல் 0.07 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். இயங்கத் தொடங்கிய எஞ்சினின் நலத்தை அறியும் வழி, ஒவ்வொரு சுழலிக்கும் மூன்று பக்கங்களின் அமுக்க அளவைத் தனித்தனியே எடுப்பது. மூன்றும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் எஞ்சின் நலமாக உள்ளது. ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால் பக்க சீலையும், அடுத்தடுத்த இரு பக்கங்கள் சேர்ந்து தாழ்ந்தால் அவற்றுக்கிடையிலுள்ள முனை சீலையும் முதலில் ஐயுறுவார்கள். அத்தகைய எஞ்சினை மேலும் ஓட்டிப் பார்க்காமல் உடனே இறக்கிப் பிரிப்பதே வழக்கம். முறிந்த சீலின் துண்டுகள் உறையின் குரோமியப் பூச்சைக் கிழித்துவிட்டால், சில சீல்களை மட்டும் மாற்றி முடித்திருக்கக்கூடிய பழுதுக்குப் புதிய உறையே தேவைப்பட்டுவிடும்.