என்னையக் கேளுங்க, சாமி!

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரத்தில் பேதுருவிடம் முதுமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறார். இளமையில் நீயே இடைக்கச்சையைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய். முதிர்ந்த வயதிலோ வேறொருவர் உனக்குக் கட்டிவிட்டு, நீ விரும்பாத இடத்துக்கு உன்னைக் கூட்டிப்போவார் என்பது அதன் பொருள் (யோவான் 21:18). பேதுருவின் சாவைக் குறித்தே ஆண்டவர் அப்படிச் சொன்னார் என்று நற்செய்தியாளர் விளக்குகிறார். ஆனாலும் வயதான எவரும் இந்த வார்த்தையில் தன் வாழ்வைக் கண்டுகொள்வார். சேலையை இன்னொருவர் கட்டிவிடுகிறார். எப்போது குளிப்பது, எதைச் சாப்பிடுவது, எந்த மகன் வீட்டில் இருப்பது, எல்லாவற்றையும் இன்னொருவர் முடிவு செய்கிறார்.

என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதல் வெள்ளிக்கிழமை, நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டில் பாட்டி கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றபடியே மருமகளிடம், “பாட்டி நல்லாச் சாப்பிடுறாங்களா? ராத்திரி தூங்குறாங்களா?” என்று விசாரித்தேன். மருமகளும் பொறுமையாகப் பதில் சொன்னார். கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது: “சாமி, நான் இங்கனதான இருக்கேன். என்னையக் கேளுங்க!”

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஆண்டவரைக் கையில் ஏந்திப் போன நான், ஆண்டவர் செய்வதைச் செய்யவில்லை. எரிகோ சாலையோரம் பர்த்திமேயு கத்தியபோது, அவருக்குப் பார்வை வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். இயேசுவுக்கும் தெரியும். இருந்தும் நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாய் உடல்நலமின்றிக் கிடந்தவரிடமும், நலம்பெற விரும்புகிறாயா என்று முதலில் கேட்டார் (யோவான் 5:6). கடவுளின் மகனே கேட்டுவிட்டுத்தான் கைவைக்கிறார் என்றால், நாம் கேட்காமல் செய்வது எப்படிச் சரியாகும்?

இது பெரிய செய்தியா என்று நீங்கள் நினைக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். இந்தியா முழுவதும் பார்த்தால் அது 8.6 சதவீதம்தான். ஏறக்குறைய எல்லா வீட்டையும் தொடுகிற காரியம் இது.

முதியோர் பராமரிப்பில் இன்று உலகெங்கும் பேசப்படும் பாடமும் இதுதான்: நோயைப் பார்க்காதே, ஆளைப் பார். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் என்ற பேராசிரியர் இருந்தார். மறதிநோய் வந்த முதியவர்களோடு பழகி, 1997-இல் ஒரு நூல் எழுதினார். நினைவு போனாலும் அந்த ஆள் போய்விடவில்லை. சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதத்தில்தான் அவர் ஆளாக நிலைக்கிறார் அல்லது தேய்கிறார் என்பது அவர் வாதம். முதியவருக்குத் தேவையானதை அவர் ஒரு பூவாக வரைந்தார். நடுவில் அன்பு, சுற்றி ஐந்து இதழ்கள். மல்லிகை விளையும் மண்ணில் வாழும் நமக்குப் பூவின் பாடம் எளிதில் புரியும். ஒவ்வோர் இதழாகப் பார்ப்போம்.

முதல் இதழ் ஆறுதல். தொடுமுன் சொல்லுங்கள். “ஆத்தா, இப்ப முகம் கழுவிவிடப் போறேன்” என்று சொல்லிவிட்டுத் துணியை எடுங்கள். சொல்லாமல் தலையில் தண்ணீர் ஊற்றினால் குழந்தைகூட அலறும். மறதி உள்ள முதியவர் குளிக்க மறுத்துக் கையை ஓங்குவது பல நேரம் பிடிவாதம் அல்ல, பயம்.

இரண்டாம் இதழ் பாசப் பிணைப்பு. நம் பக்கத்து ஊர்களில் “முறை வைத்துப் பார்ப்பது” என்ற வழக்கம் உண்டு. மூத்தவன் வீட்டில் மூன்று மாதம், இளையவன் வீட்டில் மூன்று மாதம். சில குடும்பங்களில் அப்பா திருமங்கலத்தில் ஒரு மகனோடு, அம்மா மேலூரில் இன்னொரு மகனோடு. செலவுக் கணக்கு நேராகிவிடும். ஆனால் ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த இருவரைப் பாகப்பிரிவினை செய்யும் உரிமையை நமக்கு யார் கொடுத்தார்? பிரிக்குமுன் அவர்களிடம் கேட்டோமா?

மூன்றாம் இதழ் சேர்த்துக்கொள்ளுதல். மதுரை பல மொழிகள் பேசும் நகரம். தமிழோடு சௌராஷ்டிரமும் தெலுங்கும் உருதும் இங்கே வீட்டுமொழிகள். மறதிநோய் முற்றும்போது, பின்னால் கற்ற மொழி முதலில் நழுவி, தாய் மடியில் கேட்ட மொழி மிஞ்சுவது பலருக்கு நடக்கும். வாழ்நாளெல்லாம் கடையில் தமிழ் பேசிய ஒரு தாத்தா திடீரெனச் சௌராஷ்டிரத்தில் தண்ணீர் கேட்கலாம். ‘ஏதோ உளறுகிறார்’ என்று ஒதுக்கினால் அவர் தாகத்தோடு கிடப்பார். அந்த மொழியில் பத்துச் சொற்களைப் பேரப்பிள்ளைகளிடம் கேட்டு எழுதிவைத்தால் போதும்.

நான்காம் இதழ் வேலை. “நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்” என்று அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அறுபது ஆண்டு ஓயாமல் இயங்கிய கைகளுக்குச் ‘சும்மா’ என்பது தண்டனை. பூக்கட்டிப் பிழைத்தவருக்குக் கொஞ்சம் உதிரிப்பூவும் நாரும் கொடுங்கள். கீரை ஆயச் சொல்லுங்கள். கட்டிய சரம் கோணலாக இருந்தால் என்ன? மாதா படத்துக்குப் போடுங்கள்.

ஐந்தாம் இதழ் அடையாளம். நான் யார் என்பது. கத்தோலிக்க இல்லத்தில் தங்கும் இந்து அம்மா நெற்றியில் திருநீறு இல்லாமல் விடியலைக் காண விரும்பமாட்டார். இசுலாமியப் பெரியவருக்குத் தொழுகை நேரம் முக்கியம். பிள்ளைகள் இல்லாத, உறவுகள் கைவிட்ட மூத்த திருநங்கைக்குத் தான் தேர்ந்த பெயரும் சேலையுமே உயிர். இதையெல்லாம் ‘சலுகை’ என்று எண்ணாதீர்கள். எல்லாருக்கும் ஒரே தட்டு, ஒரே நேரம், ஒரே செபம் என்பது நடத்துகிறவருக்கு வசதி. வாழ்கிறவருக்கு அது மெல்லிய சாவு.

நடுவில் அன்பு இருந்தால் இவை நடக்குமா? நடந்திருக்கின்றன. புனித ஜீன் ஜுகன் பிரான்சு நாட்டுப் பணிப்பெண். 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பார்வையிழந்து, உடலின் ஒரு பக்கம் செயலற்றிருந்த ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலையே கொடுத்தார். தாம் பரணுக்குப் போய்ப் படுத்தார். பிறகு வந்த முதியவர்கள் பலர் பிச்சையெடுத்து வாழ்ந்தவர்கள். “யார் யாரிடம் கேட்பீர்கள்?” என்று அவர்களிடமே விசாரித்து, அவர்களுக்குப் பதிலாகத் தாமே கூடையோடு அந்த வாசல்களுக்குப் போனார். அவர் தொடங்கிய ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை 1882-இல் கொல்கத்தாவுக்கு வந்தது. 2009 அக்டோபர் 11 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை மதுரையில் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி அறுவை செய்தவர் அவர். கண்புரையால் பார்வை இழந்த கிராமத்துப் பெரியவர்களுக்கு இலவச முகாம் வைத்தும், தேவைப்பட்ட பலர் வரவில்லை. ‘அறியாமை’ என்று பழி போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் காரணம் கேட்டறியப்பட்டது. பேருந்துக் காசு இல்லை, கூட வர ஆள் இல்லை, வந்தால் அவர் கூலி போகும், சாப்பாட்டுக்கு என்ன செய்வது, பயமாக இருக்கிறது என்று பதில்கள் வந்தன. இலவச அறுவையோடு போக்குவரத்தும் உணவும் தங்குமிடமும் கொடுத்து, ஊர்க்காரர்களைச் சேர்த்தே அழைத்துப்போகும்போது பயமும் குறைகிறது. கேட்டதால் கிடைத்த பார்வை இது.

கேட்காமல் போனால் எங்கே போய் முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் தென்மாவட்டங்களில் ‘தலைக்கூத்தல்’ என்ற சொல் பெரியவர்களுக்குத் தெரியும். படுக்கையில் விழுந்த பெற்றோரை எண்ணெய்க் குளியல் என்ற பெயரில் சாவுக்கு அனுப்பும் கொடுமை அது. 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில், 80 வயதுப் பெரியவர் ஒருவர் வீட்டார் தம்மைப் பற்றி அப்படிப் பேசிக்கொள்வதைக் கேட்டு, உறவினர் வீட்டுக்குத் தப்பி ஓடிய செய்தி வெளிவந்தது. ‘அவர் கஷ்டப்படுகிறார்’ என்று அவர் சார்பில் மற்றவர்கள் முடிவு செய்தார்கள். அவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை அவர் கால்களே சொல்லிவிட்டன.

வறுமையும் களைப்பும் மனிதரை எங்கே தள்ளும் என்பதை நான் அறிவேன். ஆனால் கொலை கொலைதான். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7:9-13). கோயில் திருவிழாவுக்கு நன்கொடை எழுதிவிட்டு, வீட்டில் அம்மாவின் கண்ணாடியை மாற்றித்தராத நமக்கும் அந்த வார்த்தை பொருந்தும்.

இனி நாம் என்ன செய்யலாம்?

ஒரு நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். எப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும், என்ன வேலை செய்தார், எந்தச் சாப்பாடு, எந்தப் பாட்டு, எதற்குப் பயம், எந்தச் செபம். பார்த்துக்கொள்ள வரும் யாரும் முதலில் அதைப் படிக்கட்டும்.

ஒவ்வொரு நாளும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இட்லியா, கஞ்சியா? காலையில் குளிக்கிறீர்களா, மாலையிலா? பேச்சு நின்றவரிடமும் இரண்டு சேலையைக் காட்டிக் கேட்கலாம். கண் எங்கே போகிறது என்று பாருங்கள். முதியோர் உதவித்தொகை வந்தால் அதில் கொஞ்சமாவது அவர் கையில் இருக்கட்டும். பேத்திக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பது அவர் உரிமை.

பார்த்துக்கொள்கிறவரையும் கேளுங்கள். பெரும்பாலும் அது ஒரு மகளோ மருமகளோதான். அவர் கடைசியாக எப்போது நிம்மதியாகத் தூங்கினார்? நம் அன்பியத்தில் ஒவ்வொரு வாரமும் ஒருவர் இரண்டு மணி நேரம் போய் உட்கார்ந்தால், அந்தப் பெண் ஞாயிறு திருப்பலிக்காவது வர முடியும். நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மருந்தும் இயன்முறைச் சிகிச்சையும் வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

கைவிடப்பட்டவர்கள், அடிபடுகிறவர்கள் கவனத்துக்கு: மூத்தோருக்கான இலவசத் தொலைபேசி எண் 14567. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து மாதப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தையும், கவனிக்காவிட்டால் திரும்பப் பெற அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. மனு கொடுப்பது மகனைச் சபிப்பதாகாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021 முதல் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர், முதியோர் நாளாக ஏற்படுத்தினார். இயேசுவின் பாட்டனார் பாட்டியாரான புனிதர்கள் சுவக்கின், அன்னா திருநாளை ஒட்டி அது வருகிறது. அந்த ஒரு நாள் மாலை போட்டுப் படம் எடுப்பதோடு முடித்துவிடாதீர்கள்.

அந்தப் பாட்டி இப்போது ஆண்டவரிடம் இருக்கிறார். அன்று நான் திண்டாடி நின்றபோது, பக்கத்தில் உட்காரச் சொன்னார். “ராத்திரி தூக்கம் வரல சாமி. செத்துப்போன எம் புள்ளைக்கு ஒரு பூசை வைங்க” என்றார். மருமகளுக்கு அது தெரியாது. யாரும் பாட்டியிடம் கேட்கவில்லை.

இன்று வீடு திரும்பியதும் கட்டிலோரம் உட்காருங்கள். வாசலில் நின்று விசாரிக்காதீர்கள். “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேளுங்கள். கேட்டபின் பதில் வரும்வரை காத்திருங்கள். ஆமென்.